ஆளுக்கொரு கவலை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, ஸ்டேஷனில் உட்காரவைத்து டீ கொடுப்பதே பெரிய மரியாதை. உங்களைத் தம்பி என்று கூப்பிடலாம்தானே? என் வயதுக்கு இன்ஸ்பெக்டர் என்று வாயில் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, நான் நிதானமாகச் சொல்கிறேன். நிதானமாகச் சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்தேன். வண்டி தாமதம், வண்டி ரத்து, நடைமேடை மாற்றம், எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிப் பழகியவள்.

அந்த வேலையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. வண்டி தாமதம் என்றால் ஜனங்கள் முணுமுணுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். 'பயணிகள் யாரும் பதற்றப்பட வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள். நடைமேடை முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். நான் பொய் சொன்னதில்லை. ஆறுதல்தான் சொல்லியிருக்கிறேன். இந்த விவகாரத்திலும் கடைசி நாள்வரை அப்படித்தான் நடந்துகொண்டேன்.

எங்கள் தெரு முனையில் பழைய சோபா ஷோரூம் ஒன்று மூடிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். கண்ணாடியெல்லாம் தூசி, முன்னால் பெரிய வெற்றிடம், ஓரத்தில் துருப்பிடித்த சங்கிலி. காகிதத்தில் அது வணிக நிலம். அதைக் குடியிருப்பு நிலமாக மாற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகள் கட்டவேண்டும் என்று ஒரு பில்டர் நகரத் திட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார். ஒவ்வொரு வீடும் அகலம் கம்மி, உயரம் ஜாஸ்தி. கீழே தெருவைப் பார்த்து ஒரு ரூம், நடுவில் ஹால், மேலே படுக்கை. ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டுமே ஆயுள் போய்விடும்.

அதில் மூலை வீட்டுக்கு என் தங்கை பெயர் கொடுத்திருந்தாள். இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் தோண்டி எடுத்ததுபோல் இருக்கக் கூடாது. தங்கைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். பிறந்ததிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். திரைச்சீலை, மெத்தை உறை, சோபா உறை தைப்பாள். எங்கள் வீட்டுப் பின்ரூமில்தான் மெஷின். துணி கொண்டுவருகிறவர்கள் என் ஹாலைத் தாண்டித்தான் போகவேண்டும். யார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நேரம் ஆகும் என்று நான் கேட்பேன். வீடு என்றால் கேட்கத்தானே வேண்டும். சிலர் அடுத்த தடவை வரமாட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அக்கா, அந்த மூலை வீட்டுக்கு என் பேரக் குடுத்துட்டேன்."

"எதுக்குடி? இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்லக்கா. வெளிச்சம்தான். கீழ் ரூம்ல கண்ணாடிக் கதவு வருதாம். தெருவப் பாத்து உக்காந்து தைக்கலாம்."

"பின்ரூம்ல வேற லைட்டு மாட்டிடலாம்."

அவள் சிரித்தாள். கோபித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், சமாதானம் செய்திருப்பேன். சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் கிடையாது. நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தெருவுக்காகத்தான் செய்தேன். இந்த வரியைக் கொஞ்சம் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார், மருந்துக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். கையில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பார், வாசித்ததை நம்புவார். வரிசை வீடுகளைப் பற்றிப் பேச முதல் கூட்டம் அவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. தண்ணீர் அழுத்தம் குறையும், சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த இடம் இருக்காது என்று நான் நியாயமாகத்தான் ஆரம்பித்தேன். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். ஷோரூம் வாசலில் ராத்திரி தண்ணியடிக்கிறவர்கள் தொல்லை ஒழியட்டும், வீடு வந்தால் நல்லதுதானே என்று ஒருவர் சொன்னார். தலைவர் அதற்கும் தலையாட்டினார்.

அன்று திட்ட அலுவலகத்திலிருந்தும் ஒரு அம்மா வந்திருந்தார். அவர் ஒரு நடைமுறையைச் சொன்னார். ஒரே எதிர்ப்பை நூறுபேர் நகல் எடுத்து அனுப்பினாலும் அவர்களுக்கு அது ஒரே எதிர்ப்புதானாம். வேறொரு தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்று என்று எண்ணியதும் வாய்விட்டு அழுதார்களாம். எதிர்ப்பு எண்ணிக்கையில் ஏறவேண்டுமென்றால் ஆளுக்கொரு தனிக் கவலை வேண்டும். மற்றவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துபோனார்கள். எனக்கு மட்டும் ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. வேலைக்குத் திரும்பிப் போனதுபோல் இருந்தது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். முதலில் பல் டாக்டர். வீட்டு முன்பக்கமே அவருக்கு கிளினிக். பல்லைக் காட்டி உட்கார்ந்தேன், ஒன்றும் இல்லை என்றார். எழுந்திருக்கும்போது, "டாக்டர், கட்டட வேலை நடக்கறப்ப அந்தச் சிமெண்டுத் தூசி உங்க மெஷினுக்குள்ள எல்லாம் போகாதுன்னு சொல்றாங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றேன். அவர் கையுறையைக் கழற்றாமலே போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

அடுத்தது டிரைவிங் மாஸ்டர். இரண்டு கார் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர்கள் காரைத் திருப்புவது எங்கள் தெருவில்தான், என் கேட்டில் இரண்டு முறை இடித்திருக்கிறார்கள். அவரிடம், "உங்க ஸ்கூலுக்குத் தொந்தரவு வராது மாஸ்டர். புதுசா வர்றவங்க எல்லாம் படிச்சவங்க, புகார் கிகார்னு எழுதிப் போடற ஆளுங்க இல்ல" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. புகார் என்ற சொல் அவர் மனசில் அதுவரை இருந்ததே இல்லை.

பூனைக்காரம்மாவிடம் போகத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அந்த அம்மாவுக்குப் பூனைகளைத் தவிர யாரும் இல்லை. ஷோரூம் பின்னாலிருக்கும் பூனைக்குட்டிகளுக்கெல்லாம் பால் வைப்பார். "கட்டட வேலை நடக்கற எடத்துல எலிக்கு மருந்து வைக்கற வழக்கமே இப்ப இல்லையாம், விசாரிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. வெளியே வந்து எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டு வாசலில் சரியாகிவிட்டது.

இப்படியே தெரு முழுக்கப் போனேன். இருமல்காரர் வீட்டில் இருமலுக்கு ஆறுதல் சொன்னேன். வயசுப்பெண் இருக்கும் வீட்டில், வேலையாட்கள் எல்லோரும் கண்ணியமானவர்கள் என்று சான்றிதழ் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஆளுக்கொரு கவலை முளைத்து, யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. திட்ட அலுவலகத்து அம்மா இத்தனை விதமான எதிர்ப்பைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று தலைவரிடம் சொன்னாராம். தலைவர் அதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

இந்தக் கலை எனக்குப் புதிதல்ல. குட்டியை ஒருவர் பெண் கேட்டு வந்தார், வெகுகாலத்துக்கு முன்னால். தங்கமான மனிதர். அவரிடமும் நான் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு ஏதாவது வந்ததுண்டா என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான், அப்படியெல்லாம் வந்ததே கிடையாது என்று சொன்னேன். வாசல்வரை போய் வழியனுப்பும்போது இன்னொரு முறையும் சொன்னேன். அவர் திரும்பி வரவில்லை. அவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பின்வாங்குகிறவரோடு அவள் எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பில்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எதிர்ப்புகளைப் படித்துவிட்டு ஒரு ஆளை வீடு வீடாக அனுப்பினார். டாக்டர் பக்கம் முழுக்கத் தூசிவலை கட்டித் தருகிறோம் என்றார்கள். ஒவ்வொரு புது வீட்டுக்கும் உள்ளேயே கார் நிறுத்தும் இடம், தெருவில் ஒரு வண்டியும் நிற்காது என்று மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பூனைக்காரம்மாவுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு கூடாரமே போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததெல்லாம் இரண்டே நாளில் சப்பென்று ஆகிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் ஆறுதல் எடுபடாது தம்பி.

அப்போதுதான் கம்பங்கள் வந்தன. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்னால், வரப்போகும் கட்டடத்தின் உயரத்துக்குக் கம்பம் நட்டு, உச்சிக்கு உச்சி சிவப்பு ரிப்பன் கட்டிக் காட்டவேண்டும் என்று திட்ட அலுவலகத்தில் ஒரு விதி. காகிதத்தில் பார்த்தால் ஜனங்களுக்கு உயரம் புரியாது என்பதற்காக. பில்டரின் சர்வேயர் வந்து தெருப்பக்கம் இரண்டு கம்பம் நட்டார். ஒல்லியான மனிதர், பேச்சே கிடையாது. மதியச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வேலை பார்த்தார். தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. இவ்வளவுதானா என்று டாக்டர் சொன்னார். நாம என்னமோ பயந்தோமே என்று மாஸ்டர் சிரித்தார். குட்டி மூலைக் கம்பத்தடியில் நின்று, கதவு எங்கே வரும், மெஷினை எங்கே போடலாம் என்று செருப்பால் மண்ணில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் குழாய்க் கம்பங்கள். நடுவில் ஒரு திருகு வளையம். அதைத் தளர்த்தி மேல்குழாயைத் தள்ளினால் உயரும், இறுக்கினால் நிற்கும். சர்வேயர் செய்ததை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். பகல் காவலுக்குப் பில்டர் போட்ட வாட்ச்மேன் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர். மறுநாள் பட்டப்பகலில், தொப்பி போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு போனேன். ஒரு கிழவி வெயிலில் எதையோ திருகிக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டையுமே உயர்த்தினேன். ஒன்றை மட்டும் உயர்த்தினால் ரிப்பன் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். கம்பம் உயர்ந்ததும் அதை இழுத்துப் பிடித்திருந்த கயிறுகள் போதவில்லை. அதனால் கயிறு கட்டியிருந்த முளைகளைப் பிடுங்கிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து அடித்தேன். மண் பொலபொலவென்று இருந்தது. அது பாதுகாப்பில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எனக்கு வேண்டியது உயரம்தான்.

மாலை வீடு திரும்பியவர்களில் முதலில் டாக்டர்தான் பார்த்தார். அவர் மொட்டைமாடிக்கு மேல் ரிப்பன் படபடத்துக்கொண்டிருந்தது. காலையில் இருந்தது வேறு, இது வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் ஆளாளுக்கு முடிவு கட்டினார்கள். தன் கண்ணைச் சந்தேகிப்பது மனிதனுக்கு அவ்வளவு சுலபமாக இருக்கிறது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "வெயில் முழுசா மறையாது டாக்டர், சாயங்காலம் மட்டும்தான்" என்று ஆறுதல் சொன்னேன். தூசிவலையும் பூனைக் கூடாரமும் ஒரே ராத்திரியில் பில்டரின் சூழ்ச்சியாக மாறிவிட்டன.

சர்வேயரைக் கூப்பிட்டுத் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். "நான் வச்சது இது இல்லீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சரி, கூட்டத்தன்று காலையில் உங்கள் எல்லோர் முன்னாலும் அளந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அளந்தால் என் வேலை வெளியே வந்துவிடும். இரவோடு இரவாகக் கம்பத்தை இறக்கிவிடலாம் என்றால் இப்போது வாட்ச்மேன் அங்கேயே படுக்க ஆரம்பித்துவிட்டார்.

அது பாதிக் கஷ்டம்தான். மீதி வீட்டிலேயே இருந்தது. கூட்டத்தில் ஆதரவாகப் பேச குட்டி பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் தெருவிலிருந்து ஆதரவாகப் பேசப்போகிற ஒரே ஆள். தெருக்காரியே எனக்கு அந்த வீடு வேண்டும் என்று எழுந்து நின்றால், எத்தனை கவலை இருந்தாலும் அதிகாரிகள் மனசு இளகிவிடும். நாலுபேர் முன்னால் வாயைத் திறக்காதவள். அவளுக்குப் பேசச் சொல்லித்தரும்படி யாரைக் கேட்டாள் தெரியுமா? என்னைத்தான்.

"உன் கொரல் மாதிரி வராதுக்கா. எங்க நிறுத்தணும், எங்க மூச்சு விடணும்னு மட்டும் சொல்லிக் குடு."

மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். முழு மனசோடுதான் சொல்லிக்கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. நான் இத்தனை வருஷமாகப் பின்ரூமில் விளக்குப் போட்டுக்கொண்டு தைக்கிறேன், பகல் எப்போது முடிகிறது என்றே எனக்குத் தெரியாது, ஒரு கதவு வேண்டும், அது தெருவைப் பார்த்து இருக்கவேண்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் குழந்தை இவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. இதை அந்தக் கூட்டத்தில் பேசினாள் என்றால் கதை முடிந்தது என்றும் தெரிந்துவிட்டது.

கூட்டத்தன்று காலை. சர்வேயர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. வாட்ச்மேன் பல் தேய்க்கப் பின்பக்கம் போயிருந்தார். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நான் குட்டியைக் கூப்பிட்டேன்.

"வாடி, உன் வீட்டு வாசல்ல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுக்கறேன். பேசறப்ப காட்டலாம்."

"நிஜமாவாக்கா?" என்றாள். அக்கா மனசு மாறிவிட்டாள் என்று நினைத்துவிட்டாள், பாவம். உடை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்தாள். மூலைக் கம்பத்தடியில், கண்ணாடிக் கதவு வரப்போகிற இடத்தில் நின்றாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் பின்னால், தெருவைப் பார்த்து நில்லு, கண்ணை மூடாதே என்றெல்லாம் சொன்னேன். சொன்னபடி நின்றாள். எப்போதும் சொன்னபடி நிற்பாள்.

காற்றுக்கு முடி முகத்தில் விழ, ஒதுக்குவதற்காக அவள் திரும்பினாள். நான் குனிந்து என் காலடியில் இருந்த முளையைப் பிடுங்கினேன். சிரமமே இல்லை, நான் அடித்த முளைதானே. கயிறு தளர்ந்தது, கம்பம் ஒரு கணம் யோசித்தது, பிறகு அவள்மேல் விழுந்தது. அவ்வளவு உயரக் கம்பம் விழும்போது வேகம் எப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோளில் பட்டு அவளைத் தள்ளியது, அவள் ஷோரூம் படிக்கட்டின் விளிம்பில் இடுப்பு மோதி விழுந்தாள். முளையைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அந்தப் பைதான். எடுத்துப் பாருங்கள், கீழே கிடக்கும், மண்கூட அப்படியே இருக்கிறது.

சாகட்டும் என்று நினைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். கொஞ்சம் அடி பட்டால் போதும், கூட்டத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். அன்று அவள் பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. அளவு எப்போதும் என் கையில் இருப்பதில்லை.

அவளை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். தங்கையை விட்டுவிட்டா போனீர்கள் என்று கேட்கிறீர்கள். டாக்டர்கள் பார்த்துக்கொள்ளத்தானே போகிறார்கள், எனக்கு மூன்று நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள், வீணாக்குவானேன். மேடையில் ஏறி என் பழைய குரலில் சொன்னேன். இன்று காலை அந்த இடத்தில் ஒரு விபத்து நடந்திருக்கிறது, அடிபட்டது என் தங்கைதான், ஆனால் யாரும் பதற்றப்பட வேண்டாம் என்றேன். அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. பூனைக்காரம்மா விசும்பி அழுதார். சர்வேயர் ஒரு மூலையில் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றார். அதற்குள் இரண்டு கம்பங்களையுமே பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அளக்க ஒன்றும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சர்வேயரின் உரிமம் போனது, அஜாக்கிரதை என்று அவர்மேல் வழக்கும் போட்டீர்கள். அவர் நான் வைத்தது அந்த உயரம் இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப்போல நாங்கள் இருவரும் நெருக்கமாக இருந்ததே இல்லை. இடுப்பில் கம்பி வைத்திருந்தார்கள். நான் தூக்கிவிட்டால்தான் எழுந்திருப்பாள். சாப்பாடு ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், ராத்திரி அவள் பக்கத்திலேயே படுத்தேன். தண்ணீர் வேண்டுமென்றாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். பின்ரூம் ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன், பெரிய விளக்கு மாட்டினேன். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அப்போது நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவள் அந்த மாடிப்படி வீட்டில் என்ன பாடு பட்டிருப்பாள்? நல்ல வேளை, தப்பித்தாள்.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். பில்டர்தான் விடவில்லை. வழக்குக்குப் பயந்தாரோ, மனசாட்சியோ, புது வரைபடத்தோடு திரும்ப வந்தார். மூலை வீடு இப்போது மாடியே இல்லாத வீடு. எல்லா ரூமும் தரைமட்டம், வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலிகூடப் போகும் அகலத்தில் கண்ணாடிக் கதவு. அதை என் தங்கைக்கு நஷ்ட ஈடாக, சும்மா, எழுதிக் கொடுக்கிறாராம். தெருவைப் பாருங்கள். அந்தம்மாவுக்காக என்று டாக்டர் எதிர்ப்பை வாபஸ் வாங்கினார். மாஸ்டர் வாங்கினார். பூனைக்காரம்மா கூடவே போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். ஒவ்வொரு வீடாக மறுபடி ஏறி இறங்கினேன். என் ஆறுதல் யாருக்குமே தேவைப்படவில்லை. போன மாதம் நில மாற்றம் அனுமதியாகிவிட்டது. குட்டி வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய் மண்ணில் மறுபடி கோடு போட்டுவிட்டு வந்தாள்.

அதனால்தான் வந்தேன். அந்தச் சர்வேயரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை தம்பி. தப்பு அவருடையதும் இல்லை, பில்டருடையதும் இல்லை. முழுக்க என்னுடையது. தப்பு செய்யாத பில்டர் எதற்கு நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும்? அந்த மூலை வீட்டை என் தங்கைக்கு எழுதிக் கொடுக்க அவருக்கு எந்தக் கடமையும் கிடையாது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? இதை இன்றைக்கே அவருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். பத்திரம் பதிவாவதற்குள் தெரியப்படுத்தினால் நல்லது.

என்ன சொல்கிறீர்கள்? பதிவாகிவிட்டதா? எப்போது? ஓ. முந்தாநாள் பல் டாக்டர் காரில் எங்கோ போய்விட்டு வந்தாள். எலும்பு டாக்டரிடம் காட்டப் போனோம் என்றாள். அப்படியென்றால் இனிமேல் யார் தப்பு என்று தெரிந்தாலும் வீடு அவளுக்குத்தான் என்கிறீர்கள். சரி. சட்டம் அப்படியென்றால் சரி.

காலையில் கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அவள் மெஷினைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீடு இன்னும் எழும்பவே இல்லை, தூசிக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"குட்டி, அந்தக் கம்பத்தப் பத்தி ஸ்டேஷன்ல ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. போய்ட்டு வந்துடறேன்."

"தெரியும்க்கா" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "போய்ட்டு வா."

எது தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று தெரியும், பின்னாலேயே வருகிறேன் என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பாள். அக்காவைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க அவளால் முடியாது. நீங்கள் எந்த வழக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். பாதிக்கப்பட்டவள் அவள்தானே, அவள் வந்து எங்கள் அக்காவை விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன செய்வீர்கள்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இந்நேரம் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்களேன்.

யாரும் இல்லையா? வாசல்வரை போய்ப் பார்த்தாரா? தெருமுனைவரை ஒருதடவை பார்க்கச் சொல்லுங்கள் தம்பி, அவள் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் நடப்பாள்.